ரங்கூனில் படித்ததும் படிப்புதான்

8 ஜூன் 1942, திங்கள்

இடவப்பாதிப் பருவமழை. விடிந்ததிலிருந்து ஒரே கொட்டு. வலியசாலைத் தெரு முழுக்கத் தண்ணீர். குடைக்கம்பி ஒன்று உடைந்தது. புடவைக் கரையெல்லாம் சேறு. அந்தக் கோலத்தில்தான் ஆபீஸ்.

கல்லூரி அட்மிஷன் ஆரம்பம். என் மேஜைக்கு வழக்கம்போல வெளியூர்க் கேஸ்கள். வேறு சமஸ்தானத்திலோ பிரிட்டிஷ் பகுதியிலோ பாதி படித்துவிட்டு வருகிற பெண்கள். அங்கே எந்தப் பாடம் முடித்தார்கள், இங்கே எதற்கு எது சமம், எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. மதராஸில் குண்டு விழும் என்று ஓடி வந்த பெண்கள் நாலைந்து பேர். மைசூரிலிருந்து ஒருத்தி, கன்னடத்துக்குப் பதில் தமிழ். எல்லோரிடமும் சர்டிபிகேட். சுலபம்.

மத்தியானம் ஒரு பெண். எஸ்தர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், பிறந்து வளர்ந்தது ரங்கூன். அப்பா அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா. அம்மா இல்லை. இண்டர்மீடியட் முதல் வருஷம் முடித்து, இரண்டாம் வருஷம் பாதியில் இருக்கும்போது குண்டு விழுந்ததாம். அப்பா இவளை மட்டும் கப்பலில் ஏற்றிவிட்டு, "பின்னாலே தரைவழியா வந்திடுறேன்" என்றாராம். இன்னும் வரவில்லை. கடிதமும் இல்லை. இப்போது சித்தப்பா செலவில் இங்கே ஒரு விடுதியில்.

"சர்டிபிகேட்?" என்றேன்.

"எங்கிட்ட பேப்பர் ஒண்ணும் இல்ல மிஸ். நான்தான் இருக்கேன்."

அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேனோ என்னவோ.

சூப்பரிண்டெண்டெண்டிடம் போனேன். (முழுதும் எழுதக் கை வலிக்கிறது, இனி சூ.) தலையை நிமிர்த்தவே இல்லை. "கடலாசு இல்லாத்த படிப்பு படிப்பாகுமோ, மிஸ் ராஜம்? வேணும்னா முதல் வருஷம் சேரட்டும். ரூல் ரூல்தன்னே."

முடித்த வருஷத்தை முடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவா?

9 ஜூன், செவ்வாய்

மழை விட்டு விட்டு. தலைவலி. சுக்குப் பற்று.

எஸ்தர் வந்தாள். என்னென்ன படித்தாய் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்:
இங்கிலீஷ் - நாடகம் ஒன்று, கட்டுரைகள்
லாஜிக் - முதல் பாகம் முழுதும்
சரித்திரம் - பர்மா, கொஞ்சம் இங்கிலாந்து
இரண்டாம் பாஷை - பர்மியம்

முதல் இரண்டும் நம் பாடத்திட்டத்தோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது. பின் இரண்டும் தகராறு.

சூ.விடம் மறுபடி. இன்றைக்குப் புது யோசனை அவருக்கு. அந்தக் கல்லூரிக்கே எழுதிக் கேட்க வேண்டுமாம், பதில் வந்தபிறகு பார்க்கலாமாம்.

"எங்கே எழுதறது சார்? ரங்கூனுக்கா?"

"பின்னே? முறை அதல்லே?"

எழுதினேன். எழுதி, வேண்டுமென்றே நானே தபாலாபீஸுக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மே, அங்கே இப்போ ஜப்பான்காரனல்லே இருக்கான்? அவனோ அட்மிஷன் தருது?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் சிரிப்பு போய்க் கோபம்.

வழியில் சாலைக் கடைத்தெரு. அரிசி இல்லை. இருப்பது புழு. பர்மா அரிசி நின்றதிலிருந்து இதே கதை. மன்னி மரச்சீனிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள். அண்ணாவோ ஆபீஸில் யாரோ கொடுத்ததைத் தின்றுவிட்டு, "நன்னாத்தான் இருக்கு" என்று என்னிடம் மட்டும் ரகசியமாக.

பர்மா அரிசி வரவில்லையே என்று ஊரெல்லாம் புலம்பல். பர்மாவிலிருந்து ஒரு பெண் வந்தால் மட்டும் இடமில்லை.

11 ஜூன், வியாழன்

செய்துவிட்டேன்.

எஸ்தரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் இரண்டாம் வருஷ லாஜிக் வகுப்பில் உட்கார வைத்தேன். முன் பெஞ்சில். லாஜிக் எடுக்கும் மிஸ் சாக்கோவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பேர் கூப்பிடாம இருந்தா போதுமே. காது கேக்கிறதுக்கு ரெஜிஸ்டர் எதுக்கு?" என்றார். நல்ல மனுஷி. அவருக்கு ஒரு நாள் நல்ல காப்பி வாங்கித் தர வேண்டும், காப்பிப்பொடி கிடைத்தால்.

ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தேன். தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதமாயிற்றோ இப்படி எழுதி.

பயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட சந்தோஷம் ஜாஸ்தி.

12 ஜூன், வெள்ளி

பிடிபட்டது. யார் சொன்னார்களோ. சூ. நேரே வகுப்பு வாசலுக்கே வந்து, எல்லாப் பெண்களும் பார்க்க, "பேரில்லாத்த குட்டி எழுந்திரிக்கணும்" என்றார். எஸ்தர் எழுந்தாள். "எனக்குப் பேர் இருக்கு சார். எஸ்தர்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

எனக்கு மெமோ. அதிகாரமில்லாமல் மாணவியை வகுப்பில் அனுமதித்ததற்குத் திங்கட்கிழமைக்குள் சமாதானம் எழுதித் தரவேண்டும். மன்னிப்புக் கேட்டால் "காரியம் அவ்விடம் தீரும்" என்று வாய்மொழியாக.

சாயங்காலம் அடைமழை. எஸ்தருக்கு விடுதிக்குப் போக வழியில்லை. ரோட்டில் மரம் விழுந்திருந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தேன். மன்னி வாசலிலேயே.

"யாருடி இது?"

"என்னோட ஆபீஸ் கேஸ். எஸ்தர்."

பெயரைக் கேட்டதும் மன்னியின் முகம். "ரேழியிலே உக்காரட்டுமே, காத்து வரும்."

"மழையும் வரும் மன்னி. உள்ளே வா எஸ்தர்."

கூடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மோர்க்குழம்பும் சாதமும் தானாகவே வந்தது, இலையில். அந்தப் பெண் சாப்பிட்டதைப் பார்த்து மன்னியே மறுபடி வந்து போட்டாள். "ஏண்டி, அங்கே இருந்து நடந்தா வந்தே?" என்று கேட்டாள்.

"நான் கப்பல்ல வந்தேன் அக்கா. அப்பாதான் நடந்து வாராங்க."

"வாராங்க" என்றாள், "வந்தாங்க" அல்ல. மன்னி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும், தேய்த்த பாத்திரத்தையே.

அண்ணா வந்ததும் மெமோவைக் காட்டினேன். "ரெண்டு வரி மாப்பு எழுதிக் குடுத்துடு ராஜம். இந்த வேலை கிடைக்க நான் எத்தனை பேர் காலைப் பிடிச்சேன், நோக்குத் தெரியும்."

தெரியும். அதனாலேயே இன்னொருத்தர் காலைப் பிடிக்க மனசில்லை.

13 ஜூன், சனி

எஸ்தரின் சித்தப்பா நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்தார். தம்பானூரில் இறங்கி நேராக ஆபீஸ். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க நரை. கெட்டவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"டீச்சரம்மா, எனக்கு மூணு பொண்ணு. இவளுக்கு ஒரு வருசம் பீஸ் கட்டுவேன்னுதான் சொன்னேன். ஒரு வருசத்துல படிப்பு முடிஞ்சா டீச்சர் வேலைக்குப் போவா. ரெண்டு வருசம்னா எங்கொண்டு முடியாது பாத்துக்கிடுங்க. எங்க சபை உபதேசியார் ஒருத்தர் இவளைப் பொண்ணு கேட்டிருக்காரு. ரெண்டாந்தாரம்தான். ஆனா நல்ல மனுசன்."

எஸ்தர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "சித்தப்பா, நான் முதல் வருசம் முடிச்சவ. அதை இல்லன்னு சொல்லி இன்னொரு தடவ சேர மாட்டேன். கல்யாணமும் பண்ண மாட்டேன்."

"அப்ப என்ன செய்வே மக்கா?"

"இங்கதான் நிப்பேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்றேன்.

15 ஜூன், திங்கள்

மெமோவுக்குச் சமாதானம் எழுதினேன். நேற்று முழுக்க நாலு விதமாக எழுதிக் கிழித்தது போக, கடைசியில் இவ்வளவுதான்: "செய்தேன். தப்பென்று தோன்றவில்லை. அந்தப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து, தெரியாது என்றால் என்னை அனுப்பிவிடலாம்."

சூ.விடம் கொடுக்காமல் பிரின்சிபால் அம்மாளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார். சூ.வைக் கூப்பிட்டார்.

சூ.: "மேடம், ஒருத்திக்குச் செய்தால் முன்மாதிரியாகும். நாளைக்கு யார் வேணுமென்றாலும் வந்து, நான் படிச்சேன் என்று பறயலாமே?"

நான்: "பறயட்டும் சார். கேள்வி கேட்டுப் பார்த்துட்டா போறது. நமக்கென்ன பாடமா தெரியாது?"

பிரின்சிபால் அம்மாள் பேனாவின் மூடியைத் திருகித் திருகி. கடைசியில், "புதன்கிழமை. என் அறையில். சர்வகலாசாலைக்கு நான் எழுதிக்கொள்கிறேன்."

வெளியே வந்ததும் குடிதண்ணீர்ப் பானை பக்கம் போய் நின்றுகொண்டேன். பானையில் தண்ணீர் இல்லை.

17 ஜூன், புதன்

வெயில்! மன்னி அப்பளம் காயவைத்தாள்.

சோதனை. இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள்; எழுதினாள். லாஜிக்கில் மிஸ் சாக்கோ கேட்டுக்கொண்டே போனார். எஸ்தர் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் தடுமாறினாள், பிறகு தானே திருத்திக்கொண்டாள். சரித்திரத்தில் பர்மா அரசர்களை வரிசையாகச் சொன்னாள். கேட்டவருக்கே அது சரியா தப்பா தெரியவில்லை.

பர்மியம் வந்தது. யாருக்குத் தெரியும்? "போர்டில் எதாவது எழுது பார்ப்போம்" என்றார் சூ. எழுதினாள். வட்டம் வட்டமாக, ஒன்றோடொன்று தொடாமல், அழகாக.

"இது எழுத்தோ, தேன்குழலோ?" என்றார் சூ.

"அர்த்தம் என்ன?" என்று பிரின்சிபால் அம்மாள்.

எஸ்தர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "'இந்த அறையில இதைத் திருத்துறதுக்கு ஆள் இல்ல. அதனால எனக்கு இதுல நூத்துக்கு நூறு'ன்னு எழுதியிருக்கேன் மேடம்."

போச்சு, எல்லாம் போச்சு. அப்புறம் பிரின்சிபால் அம்மாள் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மிஸ் சாக்கோவும். சூ. கூட மீசைக்குள் ஏதோ செய்துகொண்டார். சிரிப்பில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

19 ஜூன், வெள்ளி

உத்தரவு வந்தது.

இங்கிலீஷ், லாஜிக் ஏற்கப்பட்டன. சரித்திரமும் பர்மியமும் ஏற்கப்படவில்லை. ஆனால் இரண்டாம் வருஷத்திலேயே சேரலாம். முதல் வருஷத் தமிழும் சரித்திரமும் கூடவே படித்து, மார்ச்சில் எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

முழு நியாயம் இல்லை. படித்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், தயவு மாதிரி. எஸ்தரிடம் அப்படியே சொன்னேன்.

"பரவால்ல மிஸ். எழுதிருவேன். ஆனா அவங்க குடுத்தாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

சித்தப்பாவுக்குத் தந்தி அடித்தோம். மார்ச்சில் முடிந்துவிடும் என்று.

இரண்டாவது உத்தரவு எனக்கு. எச்சரிக்கை, பதிவேட்டில் சேர்க்கப்படும். திங்கள் முதல் அட்மிஷன் மேஜை எனக்கில்லை. பழைய பதிவு அறை. ஜன்னல் இல்லாதது, எலி உள்ளது.

அண்ணாவிடம் சொன்னேன். உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு, "மாப்பு எழுதலையா?" என்றார். இல்லை என்றேன். "சரி" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

மன்னி: "அந்தப் பொண்ணை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச்சொல்லு. மெலிஞ்சு கிடக்கா."

22 ஜூன், திங்கள்

மழை மறுபடி. பதிவு அறை. தும்மல், தூசி. ஒரு எலி என்னை உட்கார்ந்து பார்த்தது, இதென்ன புது ஆள் என்று.

எஸ்தருக்கு இன்னும் அப்பாவிடமிருந்து ஒன்றுமில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்காமலிருக்கவும். தமிழ்ச் செய்யுளை மனப்பாடம் செய்துகொண்டு வராந்தாவில் நடக்கிறாள். உச்சரிப்பு வேடிக்கை. மற்ற பெண்கள் திருத்துகிறார்கள், அவள் அவர்களைத் திருப்பித் திருத்துகிறாள்.

பதினொரு மணிக்கு மேல் பதிவு அறை வாசலில் இரண்டு பெண்கள். நனைந்து. ஒருத்தி பர்மாவில் மௌல்மீனிலிருந்து, ஒருத்தி மலாயா. காகிதம் இல்லை. எஸ்தர் அனுப்பினாளாம். "ராஜம் மிஸ் யாரு?"

பின்னாலேயே சூ. "மிஸ் ராஜம், அட்மிஷன் இப்போ உங்கள் சீட்டல்ல, கேட்டோ."

"நாற்காலிதான் உங்களோடது சார். நாக்கு என்னோடது."

அவர் போகவில்லை. நின்றார். நிற்கட்டும். இரண்டு பழைய பெட்டிகளை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்கோ. என்னென்ன படிச்சேள்? மொதல்லேர்ந்து சொல்லுங்கோ, நிதானமா."