இரண்டு இடுப்புள்ள குரோமோசோம்

அடுத்த வீட்டில் அச்சார் ஊறுகாய்க்காகச் சுக்கா என்கிற காடியைக் காய்ச்சுகிறார்கள். அதன் புளித்த நெடி சன்னல் வழியே வந்து என் மேசையருகே நிற்கிறது. எங்கள் சிலிபின் பகுதியில் இதற்கெல்லாம் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. நான்தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை என்பது தெரியும். அந்த அளவுக்கு இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறேன்.

ஈப்போவில் என் ஆய்வுக்கூடத்துக்கு முதல்முறை வந்தபோது வாசலிலேயே முகம் சுளித்தாய். "என்னடி இது, நம்ம எஸ்டேட்டு பால் ஸ்டோரு மாதிரி நாறுது?" சரியாகத்தான் சொன்னாய். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலமும், இரத்த அணுக்களை நிலைநிறுத்த நாங்கள் ஊற்றும் அமிலமும் நெருங்கிய உறவு. நாம் இருவரும் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. அதன் நெடி மட்டும் என்னோடு வந்து பட்டம் வாங்கிக்கொண்டது.

உன் கழுத்தில் வந்த புற்றுக் கட்டிக்குக் கதிர்வீச்சு முடிந்திருந்தது. அதனால் நல்ல இரத்தத்துக்கு என்ன கேடு நேர்ந்தது என்று அளக்கும் எங்கள் ஆய்வுக்கு நீயாகவே கையை நீட்டினாய். நுண்ணோக்கியில் உன் செல் ஒன்றைக் காட்டினேன். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒடுங்கிய ஓர் இடுப்பு உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது அதைப் பிடித்துத்தான் இழுக்கும். கதிர் பட்டு உடைந்த துண்டுகள் தப்பாக ஒட்டிக்கொண்டால் ஒன்றுக்கே இரண்டு இடுப்பு வந்துவிடும். அப்படிப்பட்டவற்றை எண்ணித்தான் சேதத்தை அளப்போம்.

"ரெண்டு பேரு கைகோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி அழகா இருக்கு லா."

"அழகா? அது விபத்து. பிரியிறப்போ ரெண்டு இடுப்பையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அறுந்து செத்துப்போகும்."

"பிரியாம இருந்தா?"

"வருசக்கணக்கா சும்மா கெடக்கும். நாங்கதான் பீன்ஸ் கொட்டையில எடுத்த சத்தை ஊத்திப் பிரிய வைக்கிறோம். அப்பத்தான் பாக்க முடியும்."

"தூங்குனத எழுப்பி, எங்க அடிபட்டுச்சுன்னு பாக்குறியா? நல்லா படிச்ச லா நீ!"

நீ சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது.

பிறகு கட்டி திரும்பி வந்தது. மறுபடியும் கதிர் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள் மருத்துவர்கள், எதையும் உறுதி கூறாமல். நீ என்னிடம் வந்தாய். "இன்னொரு தடவ கரண்டு வச்சா ஒடம்பு தாங்குமா? என் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லு. நீ சொன்னா சரி."

ஆயுளில் பாதியை அந்த எண்ணிக்கையில் செலவிட்டவள் நான். பட்ட அடியை அது அளக்கும். இனிப் படும் அடியை நீ தாங்குவாயா என்பது அதற்குத் தெரியாது. அப்படியே சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்தான்; எந்தப் பொய் உனக்கு உதவும் என்பதும் தெரியவில்லை.

"அப்போ தூங்குறத எழுப்ப வேணாம் லா," என்றாய்.

"தூங்குறது ரத்த செல்லு. கட்டி தூங்கல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"தெரியும்டி. கரண்டு வேணாம்னு வீட்டுல சொல்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

கட்டி தூங்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பே உன்னை அடக்கம் செய்தோம். நீ உறங்குகிறாய் என்றார் பாதிரியார். நான் திருத்தவில்லை.

இரண்டாம் கதிர்வீச்சு உன்னைக் காப்பாற்றியிருக்குமா? அநேகமாக இல்லை. விழுங்க முடியாமல் இன்னும் சில மாதம் கிடந்திருப்பாய். கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்லிவந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

நான் ஓய்வு பெற்றபோது செல்கள் ஒட்டிய பழைய கண்ணாடித் தகடுகளையெல்லாம் கழித்தார்கள். உன்னுடையதை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிரிகிற செல்லை நடுவழியில் நிறுத்த ஒரு மருந்து ஊற்றுவோம். அதனால் அந்த இரண்டு இடுப்பும் இழுபடுவதற்கு முந்தைய கணத்திலேயே நின்றுவிட்டன. அதில் உயிர் இல்லை. அமிலத்தில் செத்து, சாயம் ஏறி, அந்தச் சாயமும் வெளுத்துவருகிறது. ஆனால் இன்னும் அறுபடவில்லை. உன்னில் என்னால் நிறுத்த முடிந்தது அது ஒன்றுதான்.