கல்வெட்டில் உன் படிப்பு

மச்சாள்,

தாள் இன்னும் சூடாக இருந்தது. உன் கல்வெட்டின் முதற்பிரதியை மெஷினிலிருந்து எடுத்தபோது அதைத்தான் முதலில் கவனித்தேன். நீ எங்களை விட்டுப் போன முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பதற்கு, உன் படமும் தேவாரங்களும் சேர்ந்த மெல்லிய புத்தகம். நாங்கள் வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில் இந்தத் தமிழ் அச்சகத்தில் எழுத்து அடிப்பவள் நான் என்பதால், உன் அப்பா தன் கையால் எழுதிய வாழ்க்கைக் குறிப்பை என்னிடமே தந்திருந்தார். மாமா எழுதியபடியே அடித்தேன். உன் பெயருக்குக் கீழே ‘மருத்துவ மாணவி’ என்று இருந்தது.

போன சித்திரையில் நீ முதலாம் வருடம் முடித்த கையோடு, உங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது நினைவுக்கு வந்தது. எந்தப் பாடத்தை முக்கிய பாடமாக எடுப்பது என்று பல்கலைக்கழகத்துக்கு நீ சொல்லவேண்டியிருந்தது. சரித்திரம் என்றாய். மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஊரிலை பயோ படிச்சவன் டொக்டர். சரித்திரம் படிச்சவன் வாத்தி.”

“இஞ்சை அப்பிடி இல்லை அப்பா. மெடிசினுக்கு முதல் நாலு வருசம் என்ன படிச்சாலும் சரி. அவை கேக்கிற பயோலொஜி, கெமிஸ்ரி எல்லாம் நான் எடுக்கிறன்தானே.”

“அப்ப உந்தச் சரித்திரம் என்னத்துக்கு?”

நீ என் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பவள் நீதானே. “மாமி தலைக்குள்ளை புகையுது எண்டு சொல்ல, அந்த மனிசன் கண்ணைச் சோதிக்க அனுப்பினவர். அவருக்கு உடம்பு தெரியும். மாமி என்ன சண்டைக்குள்ளாலை வந்தவ எண்டு தெரியாது. எனக்கு ரெண்டும் தெரியவேணும்.”

நீ என் பக்கம் திரும்பினாய்.

“நீ என்ன சொல்லுறாய்?”

“எனக்கென்ன தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டனான்.”

“பள்ளிக்கூடத்தைத்தானே விட்டனீ. கதைக்கிறதையும் விட்டிட்டியோ?”

பத்தாம் வகுப்போடு நான் நின்ற பிறகு, படிப்பைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. “உந்தச் சரித்திரப் புத்தகங்களை வாசிக்கேக்கைதான் சாப்பிடக் கூப்பிட்டாலும் நீ வாறேல்லை” என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்தாய். அடுத்த கிழமை சரித்திரத்துக்குப் பதிந்துவிட்டு வந்தாய்.

மாமா தடுக்கவில்லை. ஆனால் கலியாண வீடுகளில் “மகள் மெடிசின் செய்யிறாள்” என்றே சொல்லிவந்தார். ஒரு அங்கிள் உன் முன்னால் காலை நீட்டி, “டொக்டர் பிள்ளை, இந்த முழங்காலை ஒருக்காப் பாரும்” என்றார். “இன்னும் கன வருசம் கிடக்கு அங்கிள், அதுவரைக்கும் நொண்டுங்கோ” என்றாய். மாமாவும்தான் சிரித்தார்.

மாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அது மூளைக்குப் போய்விட்டது என்று ஆசுப்பத்திரியில் சொன்னபோது, அதை மாமாவுக்குத் தமிழில் சொல்ல நீ எழும்பி வரவில்லை.

இன்று பின்னேரம் மாமா பிரதியைப் பார்க்க வந்தார். சப்பாத்தில் பனியோடு கதிரையில் இருந்து மெதுவாக வாசித்தார். அவர் எழுதியது பொய் என்று என்னால் நினைக்க முடியவில்லை; ஊரில் டொக்டராக வரப் படிக்கிற எவருக்கும் அதுதான் பெயர். ஆனால் அன்று சமையலறையில் நீ வாதாடி எடுத்த படிப்பை அந்தப் புத்தகத்தில் எங்கும் காணவில்லை. இனி உன்னைப் பற்றி வேறொன்றும் அச்சாகப் போவதில்லை.

“மாமா, அவள் சரித்திரம் படிச்சவள்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அப்பிடிப் போட்டால், மகள் டொக்டரா வர இருந்தவள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடுமே பிள்ளை” என்றார்.

“ரெண்டையும் போடுவம் மாமா.”

அவர் தலையாட்டினாரா என்று எனக்கு நிச்சயமில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அந்த வரியை அழித்தேன். பிறகு, மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு வரலாற்றைத் தெரிந்தெடுத்துப் படித்தவள் என்று, மாமாவுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடித்தேன்.