சனிக்கிழமை லீவு

புதன்கிழமை இரவு, கரம்பொன்

இண்டைக்கு முதலாளியிட்டைக் கேட்டிட்டன். கிழமையில ஆறு நாள் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில போய் மருந்துக்கடையில நிண்டிட்டு, இருட்டினாப் பிறகுதான் வீடு வாறன். ஞாயிறு உடுப்புத் தோய்க்கிறதோடயும் நித்திரையோடயும் போயிடுது. சனியை மட்டும் விடச் சொன்னன்.

அவர் கோபிக்கேல்லை. "தரலாம் பிள்ளை. ஆனா ஒராள் நிக்கவேணும். உமக்குப் பதிலாச் சுகந்தியை நிக்கச் சொல்லட்டோ? நீரே சொல்லும்."

கடையில சுகந்திக்கு மட்டும்தான் சனி லீவு. நெடுந்தீவுப் பிள்ளை, யாழ்ப்பாண ரவுணில அறை எடுத்து இருக்கிறாள். சனி படகேறினால்தான் தாயோட ஒரு இரவு தங்கலாம்.

"வேண்டாம் ஐயா" எண்டிட்டு வந்திட்டன்.

சுகந்தி ஆசையா ஓடிவந்து, "ஓம் எண்டவரோ அக்கா?" எண்டு கேட்டாள்.

"ஏலாதாம்" எண்டு மட்டும் சொன்னன்.

லீவு கிடைச்சா நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு மகளுக்குச் சொல்லியிருந்தனான். வீட்டை வந்து, இந்தச் சனியும் போகேலாது எண்டன். வழமையா விடாமல் "ஏன்? ஏன்?" எண்டு கேட்பாள். இண்டைக்கு "சரியம்மா" எண்டிட்டு, எடுத்து வைச்ச சட்டையைத் திருப்பி அலுமாரிக்குள்ள வைச்சாள். ஆறு வயது.

அழுதிருந்தால் தேத்தியிருப்பன். இதுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.