தடைக்காலத்து டியூஷன்

என் வூட்டு இங்கிலீஷ்காரிக்கு,

மீன்பிடித் தடை இன்றோடு முடிகிறது. படகில் ஐஸ் ஏற்றக் காசிமேட்டுக்குக் கிளம்பிவிட்டேன். நீ வழக்கம்போல ராயபுரத்தில், டியூஷனில் இருக்கிறாய்.

வருஷமெல்லாம் கடலில் கிடப்பவன் வீட்டில் இருப்பதே இந்தத் தடைக்காலத்தில்தான். அதிலும் சாயங்காலமெல்லாம் அந்த சாருக்கே போய்விட்டது. அவருக்கு இஸ்திரி போட்ட புடவை, எனக்குப் பழைய நைட்டி. சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படி என்று சொன்னவனே நான்தான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தருவார், அவரவருக்குத் தெரிந்ததைத்தான் எழுதச் சொல்வார் என்றாய். "எனக்கு இன்னா தெரியும்? உன்னத்தான்யா தெரியும்" என்று சிரித்தாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று டீக்கடையில் சார் என் தோளைத் தட்டினார். "கடலுக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி பயத்துல தூங்கவே மாட்டீங்களாமே? ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க" என்றார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ தூங்குகிறாய் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமும் அசையாமல் படுத்திருந்தேன். நீயும் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த ஆளிடம் போய் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாய்.

நான் கரைக்குத் திரும்புவதற்குள் அதை எனக்கும் ஒரு தடவை எழுதி வை. தமிழில் எழுது. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. நான் சிவப்பு மையில் திருத்த மாட்டேன்.

நேற்று ராத்திரியும் தூங்காத,
உன் வீட்டுக்காரன்