மயக்க டாக்டர் போன பிறகு

4 மார்ச் 2025, செவ்வாய்

இன்றும் அதே கதை. முதுகில் ஊசி போட்டார், பிரஷர் பார்த்தார், "அக்மல், பாத்துக்கப்பா, செத்த நேரத்துல வந்துர்றேன்" என்று காரை எடுத்தார் டாக்டர் சிவபிரகாஷ். கொடைரோட்டில் ஒரு சிசேரியனாம். மூன்று ஊருக்கு ஒரே மயக்க டாக்டர். ஆபரேஷன் முடியும்வரை நோயாளியின் தலைமாட்டில் அவர் இருக்க வேண்டும். டெக்னீஷியன் நான் உதவிக்கு மட்டும். படித்தது அப்படி. நடப்பது இப்படி.

நோன்பு வேறு. தலைவலி.

7 மார்ச், வெள்ளி



மூக்காயி, ரெட்டியார்சத்திரம், கர்ப்பப்பை ஆபரேஷன். டாக்டர் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான். "மூச்சு முட்டுதுப்பா" என்றார் அந்தம்மா — அப்புறம் பேச்சில்லை. முதுகில் போட்ட மருந்து நெஞ்சுக்கு மேலே ஏறிவிட்டது. மாஸ்க் வைத்து அழுத்தினேன், காற்று போகவில்லை. டாக்டர் போன் எடுக்கலை. அறுக்குற டாக்டரம்மா "ஏதாச்சும் பண்ணு, பண்ணு"ன்னு கத்துறாங்க. தொண்டையில டியூப் போட எனக்கு அனுமதி கெடையாது. அதுக்காக சாகட்டும்னு நிக்கவா?

போட்டேன். இரண்டாவது தடவைதான் இறங்கியது.

உயிர் இருக்கிறது. கண் விழிக்கவில்லை.

12 மார்ச், புதன்

விழித்துவிட்டார். புருஷனை அடையாளம் தெரியவில்லை. "நான் கூடவேதானே இருந்தேன்" என்று அந்தப் புருஷன் காமராஜிடம் டாக்டர் சொல்கிறார் — என் முன்னாலேயே!

டாக்டர்களை விசாரிக்கும் குழுவுக்குப் புகார் எழுதினேன். எக்ஸ்ரே ரூம் நாசர் வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "டியூப் நீ போட்டத எதுக்குலே எழுதுற? டாக்டர் இல்லைன்னு மட்டும் எழுது."

"டாக்டர் இல்லைன்னா வேற யாரு போட்டது, சுவரா?" என்றேன்.

"படிச்ச முட்டாளு மாப்ள நீ" என்றான்.

அனுப்பிவிட்டேன்.

18 மார்ச்

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நோன்பு திறந்தபின் அம்மாவிடம் சொன்னேன். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

17 ஜூன், செவ்வாய்

விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் டாக்டர்கள்.

"உங்க பதிவு எண்?"

"விண்ணப்பிச்சிருக்கேன் சார். எங்களுக்கான கவுன்சில்ல இருந்து இன்னும் வரலை."

"அப்ப நீங்க யாரு?"

நாலு வருஷம் இதையே படித்தவன். சொன்னேன். "பதிவே இல்லாத ஆளு டியூப் போட்டிருக்கான்" என்றார் ஒருவர் பக்கத்துக்காரரிடம். என்னிடம் இல்லை.

டாக்டர் எங்க இருந்தாருன்னு ஒருத்தரும் கேக்கலை. அதுக்குத்தானே வந்தேன்?

22 ஆகஸ்ட், வெள்ளி

டாக்டருக்கு எச்சரிக்கை. அவ்வளவுதான். என்னை விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம், போலீசுக்கு எழுதிவிட்டார்கள். போலி வைத்தியம் பார்த்ததாகக் கேஸ்.

சாயங்காலம் காமராஜ் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன்.

"குழா போட்டது நீதானாப்பா?"

"ஆமாண்ணே."

"அதுலதான் எங்க வீட்ல இப்படி ஆயிட்டாகன்னு ஆஸ்பத்திரில சொல்றாக."

டாக்டர் கிளம்பிப் போனதை, குழாய் போடும் முன்பே மூச்சு நின்றதை, மூளைக்கு ஆக்சிஜன் போகாததை விளக்கினேன். கடைசிவரை கேட்டார்.

"அம்புட்டும் தெரிஞ்சவன், ஒரு டாக்டரக் கூப்புட்டிருக்கலாமே அப்பு."

5 செப்டம்பர்

மாமாவின் தோல் மண்டியில் சேர்ந்துவிட்டேன். ஜாமீனுக்காக வாரத்துக்கு ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து.

13 நவம்பர், வியாழன்

மண்டியில் இருந்தபோது போன். என் இடத்தில் சேர்ந்திருக்கும் ஏஞ்சலின்.

"அண்ணே, டாக்டர் கெளம்பிட்டாரு, போன் எடுக்கலை. மூச்சு நிக்கிது. மாஸ்க்ல காத்துப் போகலண்ணே. நீங்க அன்னைக்குப் போட்டீகளாமே... நான் போடவா?"

பின்னால் மானிட்டர் அலறியது.

"போடு" என்றேன். நாக்கை எப்படி ஒதுக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எல்லாம் சொன்னேன். இறங்கிவிட்டது. ஆளும் பிழைத்துவிட்டார். அவள் அழுதாள்.

"யாரு கேட்டாலும் டாக்டர்தான் போட்டாருன்னு சொல்லு, ஏஞ்சலின்" என்றேன்.