நாலு நிமிடம் பிந்திய நண்டு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தி இருந்த இடத்தில் இப்போது இரண்டு பெரிய டிஷ்கள். கடுகண்ணாவையில் கேபிள் டீவி நடத்தும் பளீல் நானா துருப்பிடிக்க விட்டிருந்தவை. கிழக்கு மேற்காக இருபது மீற்றர் இடைவெளி, நூல் பிடித்து அளந்தது. நாளையிலிருந்து பத்து நாள், வெடித்த நட்சத்திரம் ஒன்றின் மிச்சமான நண்டு நெபுலா உச்சியைக் கடக்கும் நேரத்தை அதன் ரேடியோ அலையில் பிடிக்க வேண்டும். நேரம் தெரிந்தால் வானத்தில் அது இருக்கும் இடம் தெரியும். என் முதுமாணி ஆய்வு மொத்தமே இதுதான்.

நண்டு வருவது காலை ஏழு மணி வாக்கில். என் பஸ் ஆறேகாலுக்கு. ஆகவே லப்டொப்பைப் போடுவது அம்மாவின் வேலை. அதற்குள் இருக்கும் சின்ன பற்றரி செத்துவிட்டது. அணைத்துப் போட்டால் நேரத்தை மறந்துவிடும், வீட்டில் இணையமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைக்கப் பழக்கினேன். அந்தக் கடிகாரம் பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் முந்தி ஓடுவது ஊருக்கே தெரியும்.

"பத்தைக் கழிச்சிட்டு வைக்கணும். அவ்வளவுதானே?" என்றாள் அம்மா. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் முப்பது பிள்ளைகளுக்குப் பால் அளப்பவள். நொடி முள் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து விசையை அமுக்கினாள். என்னைவிட ஒழுங்கு.

டிஷ் பக்கம் ஃபோன் கூடாது, அலை குழம்பும் என்றேன். அப்போதே தன் ஃபோனை அணைத்துத் துணி அலுமாரியில் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 26

இரண்டு நாளாக ஓடாமலே பஸ் பிடிக்கிறேன். எனக்கே புத்தி வந்துவிட்டதா என்ன?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் நண்டைப் பிடித்த பிறகு லப்டொப்பை அணைக்கவில்லை. டிஷ்களை நேர் உச்சிக்குத் திருப்பி, மத்தியானம் சூரியனையும் பதிந்தேன். சும்மா ஒரு சோதனைக்கு. அப்பா பக்கத்தில் நின்று தன் நிழலைத் தேடினார், காலடியில் சுருண்டு கிடந்தது.

செப்டம்பர் 3, புதன்

பத்தும் முடிந்தது. பத்து நாளும் அலைக்கோடு மணி மணியாக வந்திருக்கிறது. அம்மா வாழ்க.

செப்டம்பர் 5, வெள்ளி

எழுதித்தான் ஆறவேண்டும்.

மேற்பார்வையாளர் கலாநிதி ரஸீன் அட்டவணையைப் பார்த்தார். மூன்றாம் திகதி நண்டு ஆறு ஐம்பத்து மூன்றரைக்கு உச்சிக்கு வரவேண்டும். என் பதிவில் ஆறு ஐம்பத்தேழரை. பத்து நாளும் இதே நாலு நிமிடம்.

"நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் நாலு நிமிசம் முந்தி வரும். இது முந்தின நாள் வர வேண்டிய நேரம், கஜனி. உங்க எல்லாத் திகதியும் ஒரு நாள் தப்பு. எப்படி வந்திச்சி?"

தெரியாது என்றேன்.

"பழைய அட்டவணை ஒண்டைப் பார்த்து எழுதினாத்தான் இப்படி வரும். உண்மையாவே பதிஞ்சீங்களா?"

கள்ளி என்று சொல்லவில்லை, அதுதான் குறை. பத்தாம் திகதிக்குள் விளக்கம் தராவிட்டால் ஆய்வை ஏற்க முடியாதாம். குட்செட் பஸ் நிலையத்துக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். சீ, அந்த மனுசனுக்காக நான் ஏன் அழணும்? எங்க அம்மா நொடி முள்ளைப் பார்த்துக்கிட்டு நின்னாளே, அது பொய்யா?

செப்டம்பர் 6, சனி

நூலை மறுபடி பிடித்தேன். சரி. கேபிள் சரி. திகதி சரி. அம்மா கலண்டரில் ஒவ்வொரு நாளும் புள்ளி வைத்திருக்கிறாள். பிறகு எது?

செப்டம்பர் 7, ஞாயிறு, பௌர்ணமிப் போயா

பிடித்துவிட்டேன்.

பல் விளக்கும்போது சூரியன் ஞாபகம் வந்தது. சூரியன் நட்சத்திரம் மாதிரி நாளுக்கு நாலு நிமிடம் நகர்வதில்லை. அதன் உச்சி நேரம் இன்றைக்கும் நாளைக்கும் சில வினாடிதான் மாறும். என் திகதி தப்பு என்றால் சூரியன் கிட்டத்தட்ட சரியாக வந்திருக்க வேண்டும். கடிகாரம் தப்பு என்றால் சூரியனும் நாலு நிமிடம் பிந்தும்.

வாயில் நுரையோடு ஓடிப்போய்ப் பதிவைத் திறந்தேன். பன்னிரண்டு ஏழரைக்கு வரவேண்டிய சூரியன், பன்னிரண்டு பதினொன்றரைக்கு வந்திருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. சூரியனே சாட்சி.

ஃபோனை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு நேரே பிடித்தேன். பதினாலு நிமிடம் முந்தி ஓடுகிறது.

"நான் பத்தைக் கழிச்சிட்டுத்தானே வச்சேன்?" அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பஸ்காரன் இப்ப கொஞ்சம் முந்தியே எடுக்குறான். இந்தப் புள்ள மூச்சு வாங்க ஓடுது. அதான் முள்ளைச் சின்னதா தள்ளி வச்சேன். அதுக்குத் தெரியாமலே நேரத்துக்குப் போகட்டும்னு."

"எப்ப?"

"நீ டிஷ் மாட்டின அன்னைக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. மூன்று பேரும் சிரித்தோம், அம்மா கொஞ்சம் அழுதாள்.

"நாலு நிமிசம்னா வானத்துல எவ்வளவு?" என்றார் அப்பா.

"ஒரு பாகை. ரெண்டு முழு நிலாவைப் பக்கத்துல பக்கத்துல வச்ச அகலம்."

யோசித்தார். "அப்ப நான் அந்த நண்டை ரெண்டு நிலா தூரம் தள்ளிட்டேனா?" குரலில் வருத்தமே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சூரியன் காட்டிய நாலு நிமிடத்தைக் கழித்தால், பத்து நாள் சராசரி நண்டின் உண்மையான இடத்திலிருந்து இருபது வினாடிக்குள் நிற்கிறது. இரண்டு துருப்பிடித்த டிஷ்ஷுக்கு இது போதும், போதும்.

ரஸீன் சேர் தாளைக் கீழே வைக்கவே இல்லை. கடைசியில், "சந்தேகப்பட்டது என்ட பிழை. மன்னிச்சிக்கோங்க," என்றார். பிறகு, "கடிகாரக் கதையை மறைக்க வேணாம். ஆய்விலேயே ஒரு அத்தியாயமா எழுதுங்க."

எழுதுவேன் சேர். கொட்டை எழுத்தில் எழுதுவேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கேட்டார்: "இந்த நாலு நிமிட வழுவுக்கு மூலம் என்ன?"

"எங்க அப்பா, சேர்."

அறையே சிரித்தது. தேர்வில் சித்தி. திருத்தம் ஒன்றும் இல்லை.

அப்பா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். சித்தியடைந்ததை அல்ல, நண்டைத் தள்ளியதை.

ஒக்டோபர் 13, திங்கள்

அதே பிரிவில் உதவி விரிவுரையாளராக எனக்கு முதல் நாள். புதுச் சேலை, அம்மா கட்டிவிட்ட கொண்டை.

பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சந்தியில் நிற்கும்போது அதன் பின்பக்கம்தான் தெரிந்தது. த்ரீவீலரில் விரட்டிப் போய் அடுத்த ஊரில் ஏறினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் ஃபோனோடு நொடி பிசகாமல் ஓடுகிறது.

"நீ பெரிய வேலைக்குப் போற. இனி வீட்டுல பொய் நேரம் இருக்கக்கூடாது," என்றார் அப்பா. நேற்றே திருத்திவிட்டாராம்.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். முள்ளைத் தள்ளினேன். சரியாகப் பதினாலு நிமிடம்.