பகவதி தைத்த புத்தகங்கள்

கொல்லம் ஆண்டு 1112, ஆடி 1

விடியும் முன்பே மழை. ஆபீசுக்கு அரை நாள் லீவு. பரணிலிருந்து பகவதியின் தகரப்பெட்டியை இறக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

நேற்று டாக்டர் வந்து அவளைப் பார்த்தார். இருதயம் வீங்கியிருக்கிறதாம். இரண்டு காலிலும் நீர். எழுந்து நடக்கக் கூடாது. உப்பு கூடாது. கையில் கனம் எடுக்கக் கூடாது, புத்தகம்கூட. "வாயிக்கணும்னு தோணினா சார் வாயிச்சுக் கொடுங்க. அவங்க கேட்டா மதி, அது போதும்" என்றார். வாசலில் குடையை விரிக்கும்போது என்னிடம் மட்டும், "ஓணம் கழியட்டும், பின்னெப் பறயாம்." பிறகுதான் சொல்வாராம். ஓணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மருந்து மாற்றியிருக்கிறார் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

பெட்டியில் எட்டுப் புத்தகம். கடையில் வாங்கியவை அல்ல. பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து அடுக்கி, மூன்று துளை போட்டு, நூல் கோத்து அவளே தைத்தவை. அட்டைக்குப் பழைய சேலைத் துணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, இந்த வேலை நடக்கிறது. பிள்ளை இல்லாத வீடு, ஏதோ பொழுது போகட்டும் என்று இருந்துவிட்டேன். தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். அவள் வாசித்தாளா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கதை படிக்கிற ஆள் அல்ல.

அடுத்த வீட்டுப் பங்கஜாட்சியம்மா சந்தி விளக்கு ஏற்றிப் புராணம் வாசிக்கத் தொடங்கிவிட்டார். மலையாளத்தார் வீடுகளில் இந்த மாதம் முழுக்க வாசித்துக் கடைசி நாளில் முடிப்பார்கள். நானும் விளக்கைத் தூண்டிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். மஞ்சள் அட்டை. முதல் அத்தியாயம்.

ஆடி 5

மழை. பழவங்காடியில் முழங்கால் தண்ணீர். குடைக்கம்பி ஒடிந்தது.

ம.அ. (மஞ்சள் அட்டை) முடிந்தது. துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று எனக்கு இரண்டாம் அத்தியாயத்தில் தெரிந்துவிட்டது, துப்பறிகிறவருக்குப் பதினேழு அத்தியாயம் வேண்டியிருந்தது. "எங்க ஆபீசுல பைல் தேடுகவரு இவருதான்" என்றேன். பகவதி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம். இனிச் சிரிப்பு மூட்டக் கூடாது.

காலையில் வேலியோரம் பங்கஜாட்சியம்மா: "சார் தினமும் வாயிக்கிறது கேக்குது. நல்லது. பட்சே ஒண்ணு. மரணம் வர்ற இடத்துல நிறுத்தப்படாது, கேட்டோ. மங்களமா ஏதாவது வர்ற வரைக்கும் வாயிக்கணும்."

நான் வாசிப்பது என்ன என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டி வைத்தேன்.

ஆடி 12

மழை. வீக்கம் முழங்கால்வரை ஏறிவிட்டது. தலையணை இரண்டு போதவில்லை, மூன்று.

இதுவரை:

ம.அ. — மேலே எழுதியாயிற்று.

கட்டம் போட்ட அட்டை — மாமியார் கொடுமை. பக்கத்துக்குப் பக்கம் அழுகை. கடைசியில் மாமியார் ஒரு காரணமும் இல்லாமல் திருந்துகிறாள். பெருத்த ஏமாற்றம்.

பச்சை அட்டை — ஜமீன்தார், இரண்டு மனைவிகள், ஒரு பாம்பு. பாதியில் நிறுத்தச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்.

ஊதா அட்டை — இதுதான். கொழும்புக்குப் போன அண்ணன், காத்திருக்கும் தங்கை. வருஷங்கள் கழித்து வருகிறான், அவளை அடையாளம் தெரியாமல் அவளிடமே வீட்டுக்கு வழி கேட்கிறான். அவளும் சொல்லாமல் வழி காட்டுகிறாள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். பகவதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்படி ஒன்று பத்து வருஷமாக என் தலைக்குமேல் பரணில் இருந்திருக்கிறது. என்னை என்னவென்று சொல்ல.

ஆடி 18

அடுத்தது சிவப்பு அட்டை. அவள் கலியாணச் சேலையின் முந்தி அது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீசுக்கு எடுத்துப்போய், பைலுக்குள் மறைத்துக் கடைசிவரை பார்த்துவிட்டேன்.

நாயகி சீக்காளி. கட்டிலோடு கிடக்கிறாள். கடைசித் தாளில், ஒன்றரைப் பக்கத்தில், செத்துப்போகிறாள்.

அந்தத் தாளை நூலிலிருந்து உருவி ஆபீஸ் மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு ரிக்கார்டையும் கிழித்ததில்லை.

ஆடி 24

காற்றும் மழையும். முருங்கை விழுந்தது.

சி.அ. முடித்தேன், என் முடிவோடு. கணவன் அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போகிறான், அருவிக் காற்றில் சீக்கு தீர்ந்து திரும்பி வருகிறார்கள். இரண்டு இடத்தில் திக்கினேன். பார்வை தாளில்தான், தாளில் அது இல்லை.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாள்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஆடி 27

டாக்டர் வந்தார். ஓணத்தைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பகவதி மெதுவாக, "ஒரு காரியம் கேக்கட்டா? அந்த மனுசன் குற்றாலத்துக்கு எப்பிடிப் போனாரு? மூணாம் அத்தியாயத்துல வண்டி கவுந்து ரெண்டு காலும் போச்சுல்லா?"

அதை மறந்தே போயிருந்தேன். பிறகு குணமாகியிருக்கும் என்றேன்.

சிவப்பு அட்டையை மடியில் வைக்கச் சொன்னாள். தையலை விரலால் தடவினாள். "நான் இறுக்கித்தான் கெட்டினேன். இப்ப நூலு தொளதொளன்னு கெடக்கு. ஒரு தாளு இல்ல."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"இத நான் மூணு தடவ வாசிச்சாச்சு" என்றாள். "எட்டையும் வாசிச்சாச்சு. தைக்கத் தெரிஞ்சவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியளோ?"

பிறகு ஏன் ஒரு மாதமாக என்னை வாசிக்கவிட்டாய் என்றேன்.

"ஒங்க சத்தத்துல கேக்கணும்னு ஒரு ஆசை. ஆபீசுலயிருந்து வந்தா நீங்க பேசவா செய்வியளோ?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கஞ்சி ஆறிவிட்டது. மீண்டும் சுட வைத்தேன்.

சற்றுக் கழித்து: "அந்தத் தாளைக் கொண்டு வாங்க. அதையும் வாசியுங்க. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொறவு ரெண்டுபேரும் மறைச்சு மறைச்சு இருக்காண்டாம்."

ஆடி 28

மேஜையைத் திறந்தேன். தாளை எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று அவளிடம் பொய்.

ஆடி 29

இன்றும் எடுக்கவில்லை. அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆடி, கடைசி நாள்

மழை விட்டுவிட்டு. சாயங்காலம் கிழக்கேகோட்டைப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம். தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

அடுத்த வீட்டில் கடைசி நாள் வாசிப்பு, நல்ல கூட்டம். நானும் விளக்கேற்றி உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம். எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன். நாயகி கணவனின் கையைப் பிடித்து நீளமாக ஒரு பிரசங்கம் செய்கிறாள், கண்ணை மூடுகிறாள். முற்றும்.

பகவதி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஒன்னரப் பக்கத்துல சாவ முடியுமா? எழுதினவரு யாரு பக்கத்துலயும் இருந்து பாத்ததில்ல. மூச்சு முட்டுகவ இம்புட்டுப் பேசுவாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை. அவள் தடுக்கவில்லை. என் கைமேல் கை வைத்திருந்தாள், வீங்கிய கை, விரல் பதிந்தால் குழி விழுகிறது. வேலிக்கு அப்பால் அவர்கள் வாசித்து முடித்து மங்களம் பாடினார்கள். பங்கஜாட்சியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. சாவில் நிறுத்தக் கூடாது.

தாளில் மிச்சம் அரைப் பக்கம் இருந்தது. கதை இல்லை. பத்திரிகைக்காரன் இடத்தை நிரப்பப் போட்ட சமையல் குறிப்பு. எலுமிச்சங்காய் ஊறுகாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் உரக்க வாசித்தேன். நான்காகப் பிளந்து, உப்பு அடைத்து, நான்கு நாள் வெயிலில் வைத்து, ஒரு மாதம் ஊறியபின் எடுக்கவும்.

"உப்பு பத்தாது" என்றாள். "இன்னொரு கை போடணும். இல்லன்னா பூத்துப்போவும்." பிறகு, "ஒரு மாசமா? அப்ப ஓணம் கழிஞ்சிரும்."

டாக்டர் வாசலில் சொன்னது அவள் காதில் விழவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"எனக்குத்தான் உப்பு ஆவாதே. ஒங்களுக்குச் சொல்லுகேன். நாளைக்கு வாங்கிட்டு வாங்க, பக்கத்துல வச்சுப் பிளங்க, நான் சொல்லித்தாறேன்."

நாளை சாலைக்கடையில்:

எலுமிச்சங்காய் — இருபத்தைந்து, தோல் கனம் இல்லாதது.
கல் உப்பு.
சின்னப் பரணி (ஊறுகாய்ச் சாடி), மூடியோடு.
தடித்த நூல் ஒரு கண்டு, ஊசி (சி.அ.வுக்கு).